பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டுவோருக்குத் திறந்த மடல்

சுங்கை லாலாங், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத்தில் பிக்கப் வைத்திருக்கும் அன்பர்களே,

பிக்கப்பில் டிரெய்லரை மாட்டிய கணமே வண்டியின் நீளமும் எடையும் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன. பிக்கப்பின் பிரேக் மட்டும் பழைய அளவிலேயே நிற்கிறது. உங்களிடம் இருக்கும் ஹைலக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர், டி-மேக்ஸ், நவாரா எல்லாம் டீசல் இஞ்சின் வண்டிகள். இழுவிசைக்குக் குறையில்லை. கேரவனையோ படகு டிரெய்லரையோ மாட்டி, வாசலிலிருந்து கிளப்பி, மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு “இழுக்குது, போதும்” என்று சொல்லிவிடுகிறீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டிய முதல் குறை அந்தப் “போதும்” மீதுதான். இழுக்க முடிகிறதா என்பது டிரெய்லர் விஷயத்தில் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நிறுத்த முடிகிறதா, நெடுஞ்சாலை வேகத்தில் நேராக வருகிறதா, இறக்கத்தில் கட்டுக்குள் நிற்கிறதா என்பவையே முதலில் வர வேண்டியவை.

தோட்டத்தில் வளர்ந்த உங்களுக்கு டிரெய்லர் புதிதல்ல. பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட காலத்திலிருந்து, குலை ஏற்றிய டிரெய்லரை ட்ராக்டர் இழுத்துப் போவதைப் பார்த்தே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. பின்னோக்கி ஓட்டி ஒரே முறையில் கொக்கிக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும் கைப்பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அந்தத் திறமையை யாரும் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ட்ராக்டர் வேகத்தில் கற்ற திறமை. செம்மண் சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும்போது சுமை பின்னால் சரிந்திருந்தால் ஓர் ஆட்டம் தெரியும், அவ்வளவுதான். இறங்கிச் சரிசெய்துவிட்டுப் போகலாம். ஓடும் பொருளை நிறுத்தத் தேவையான ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 20இல் போன வண்டி 80இல் போனால் வேகம் 4 மடங்கு, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 16 மடங்கு. ட்ராக்டர் மன்னித்த தவற்றை வடக்கு தெற்கு நெடுஞ்சாலை மன்னிக்காததற்குக் காரணம் இதுவே.

அமெரிக்கர்கள் சொல்லும் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்வது அடுத்த பிசகு. அங்கே ஃபோர்ட் எஃப்-150, செவர்லே சில்வராடோ 1500, ராம் 1500 ஆகியவை ‘அரை டன்’ பிக்கப் எனப்படுகின்றன. ஃபோர்ட் 1948இல் கொண்டுவந்த எஃப்-1 அந்த வகுப்பில் சேர்ந்தது. அரை டன் சுமை தாங்கும் என்பதே அன்று அதன் பொருள். இன்றைய எஃப்-150 அதைவிட அதிகமாகவே சுமக்கிறது, வகுப்பின் பெயர் மட்டும் மாறவில்லை. மலேசியாவில் ஓடும் பிக்கப்புகளை ‘ஒரு டன்’ வண்டி என்பதால், அவை அமெரிக்க அரை டன்னைவிடப் பெரியவை என்று நினைத்துவிடக் கூடாது. நீளம், அகலம் இரண்டிலும் எஃப்-150தான் பெரிய வண்டி. அரை டன் வண்டி நான்கு டன் கேரவனை இழுக்கிறது என்று கேள்விப்பட்டு, ஒரு டன் வண்டி அதற்கு மேலும் இழுக்கும் என்று முடிவு கட்டுவது தலைகீழான கணக்கு.

உங்கள் வண்டிக்கு நெருங்கிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியா. அங்கே ரேஞ்சர், டி-மேக்ஸ், நவாரா வகைகளில் பலவற்றுக்கு, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ என்று வரம்பு தந்திருக்கிறார்கள். ஒரே வண்டிக்கு இரண்டு எண். நடுவே இருக்கும் இடைவெளி முழுவதும் டிரெய்லரின் சொந்த பிரேக்குக்கு உரியது. அதே பெயருள்ள வண்டியானாலும் நாட்டுக்கு நாடு, இஞ்சினுக்கு இஞ்சின் வரம்பு மாறும். இங்கே வாங்கிய வண்டிக்கு அதனுடன் வந்த கையேட்டில் இருக்கும் எண்தான் செல்லும். கையேடு தொலைந்திருந்தால் வண்டி எண்ணைச் சொல்லி விற்பனை நிலையத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த எண் கிடைத்தாலும் கணக்கு அங்கே முடிவதில்லை. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இழுவை வரம்பு, வண்டியில் ஓட்டுநரைத் தவிர அதிகம் யாரும் எதுவும் இல்லாத நிலைக்கு நெருங்கியது. குடும்பத்தோடு போகிறவருக்கு மூன்று எண்கள் ஒருசேரப் பொருந்த வேண்டும்: வண்டி தன் சக்கரங்களில் தாங்கக்கூடிய மொத்த எடை, டிரெய்லரின் மொத்த எடை, இரண்டும் சேர்ந்த கூட்டு எடை. ஒரு கற்பனை வண்டியை எடுத்துக்கொள்வோம். காலி எடை 2,000 கிலோ, தாங்கக்கூடியது 2,900, கூட்டு வரம்பு 5,200, இழுவை வரம்பு 3,000. ஓட்டுநரோடு ஐந்து பேர், சுமாராக 350 கிலோ. பை, ஐஸ் பெட்டி, கூடாரம் எல்லாம் 100. பின்தட்டின் மேல்மூடி 60, முன்பக்கக் கம்பித் தடுப்பு 50, இழுவைக் கொக்கி 40. இதுவரை 600. டிரெய்லர் முழுச் சுமையில் 3,000 கிலோ என்றால் அதன் மூக்கு பிக்கப்பின் கொக்கியில் அழுத்தும் எடை குறைந்தது 300. ஆக 900, வண்டி அதன் வரம்பைத் தொட்டுவிட்டது, இனி ஒரு தண்ணீர்ப் புட்டிக்கும் இடமில்லை. கூட்டு எடையோ 5,600, வரம்பை 400 கிலோ தாண்டிவிட்டது. 3,000 கிலோ இழுக்கும் என்று விற்ற வண்டி, இந்தக் குடும்பத்தோடு 2,600 கிலோவுக்கு மேல் இழுக்கக் கூடாது. விற்றவர் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காததை அவர் சொல்லவில்லை.

டிரெய்லரின் எடையிலும் இதே மயக்கம் உண்டு. விலைச்சீட்டில் இருப்பது காலி கேரவனின் எடை. மெத்தை, அடுப்பு, பேட்டரி, குளிர்சாதனம், பாத்திரம், அரிசி, நாற்காலி, தூண்டில் பெட்டி எல்லாம் அதற்குப் பிறகு ஏறுகின்றன. 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100 கிலோ. போகிற இடத்தில் தண்ணீர் உண்டென்றால் இங்கிருந்து சுமந்துபோக வேண்டியதில்லை. பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம். ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடி டிரெய்லரைத் தள்ளும்.

எடையை ஊகிக்காமல் அளப்பதற்கு இந்த வட்டாரத்தில் வசதிக்குக் குறைவில்லை. செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்பு வாங்கும் இடங்களிலும் லோரி ஏறும் எடைமேடையான திம்பாங் இருக்கிறது. சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் குலை எடையில் பத்து கிலோ குறைந்ததற்கு ஆலை வாசலில் நின்று வாதாடுவார்கள். நியாயம்தான், பணம் போகிறது. அதே ஆள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டிரெய்லரோடு புறப்படும்போது ஒரு முறைகூட அதே திம்பாங்கில் ஏறுவதில்லை. அனுமதி கேட்டு, சிறு கட்டணம் இருந்தால் கொடுத்து, முழுச் சுமையோடு ஏற்றுங்கள். முதலில் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து. பிறகு டிரெய்லரைக் கழற்றித் தனியாக. பிறகு டிரெய்லர் மாட்டிய நிலையில் பிக்கப்பின் சக்கரங்கள் மட்டும் மேடைமேல் இருக்கும்படி. இந்த மூன்று சீட்டிலிருந்து மேலே சொன்ன எல்லா எண்களும் கிடைத்துவிடும்.

மூக்கு எடையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரெய்லர் நேராக வருவதும் ஆடுவதும் பெரும்பாலும் இதைப் பொறுத்தது. கேரவன் வகை டிரெய்லருக்கு, மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு மூக்கில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். ஐரோப்பிய கேரவன்கள் அதைவிடக் குறைந்த மூக்கு எடைக்கு வடிவமைக்கப்பட்டவை. அவற்றுக்கு உற்பத்தியாளர் சொன்ன அளவே அளவு. எதுவானாலும் பிக்கப்பின் கொக்கிக்கு உள்ள வரம்பைத் தாண்டக் கூடாது. வீட்டிலேயே அளக்க ஒரு வழி உண்டு. உறுதியான கட்டை ஒன்றை இரண்டு முட்டுகளின் மேல் படுக்க வையுங்கள். டிரெய்லரின் மூக்கு கட்டையில் உட்காரும் இடத்திலிருந்து ஒரு பக்கம் ஓரடி தூரத்தில் ஒரு முட்டு. மறுபக்கம் இரண்டடி தூரத்தில் மற்றொரு முட்டு, அதன் கீழே ஆள் எடை பார்க்கும் தராசு. தராசு காட்டுவதை மூன்றால் பெருக்கினால் மூக்கு எடை. கட்டையின் எடையை முன்பே கழித்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை போடாமல் இதைச் செய்யக் கூடாது.

மூக்கில் எடை கூடினால் பிக்கப்பின் பின்புறம் தாழ்வது உங்கள் கண்ணுக்குத் தெரியும். முன்புறம் இலேசாவது தெரியாது. கொக்கி பின் அச்சுக்குச் சுமார் 1.25 மீட்டர் பின்னால் இருக்கிறது; முன் பின் அச்சுகளுக்கு நடுவே மூன்று மீட்டருக்குச் சற்று அதிகம். கொக்கியில் 200 கிலோ அழுத்தினால், நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சிலிருந்து 80 கிலோ கழன்று, பின் அச்சு 280 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. திசை திருப்புவது முன் சக்கரம். பிரேக் பிடிக்கும்போது அதிகம் உழைப்பதும் அதுவே. அதன் பிடிமானம் குறைந்தால் மழையில் வளைவு திரும்பும்போதுதான் தெரியவரும். இரவில் எதிரே வருகிறவர் கண்ணில் விளக்கு அடிப்பதும் முன்புறம் இப்படி எழுவதால்தான். பின் ஸ்பிரிங்கை மட்டும் தடிப்பாக்கிவிட்டு “இப்போ மட்டமா நிக்குது” என்று நிம்மதி அடைவோர் பலர். ஸ்பிரிங் வண்டியின் பின்புறத்தை உயர்த்தும். முன் அச்சுக்குப் போக வேண்டிய எடையைத் திருப்பித் தராது. அதற்கென்றே எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி வகை இருக்கிறது. இரண்டு எஃகுக் கம்பிகள் நெம்பி, எடையில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் அனுப்புகின்றன. கனமான கேரவனுக்கு அது தேவைப்படலாம், ஆனால் பிக்கப் தயாரிப்பாளர் அதை அனுமதிக்கிறாரா என்று பார்த்த பிறகே. அது வரம்பை உயர்த்தும் கருவியும் அல்ல.

எடை முன்னால் கூடுவதைவிடப் பின்னால் கூடுவது ஆபத்து. ஜெனரேட்டரையும் சைக்கிளையும் கேரவனின் பின்பக்கத்தில் கட்டுகிறீர்கள், எடுக்க வசதி என்பதற்காக. அச்சுக்குப் பின்னால் எடை ஏற ஏற மூக்கு இலேசாகி, டிரெய்லர் இடம் வலமாக அசையத் தொடங்கும். 60இல் அந்த அசைவு தானே அடங்கிவிடும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகி, சில நொடிகளில் பிக்கப்பையும் சேர்த்துத் திருப்பிவிடும். பக்கத்தில் கடந்துபோகும் விரைவு பஸ்ஸின் காற்றழுத்தமோ, இறக்கமோ, ஒரு குழியோ தொடக்கத்துக்குப் போதும். கனமானவை தரையோடு, அச்சுக்கு நேர்மேலும் சற்று முன்னாலும். இலேசானவை மேலும் பின்னும். எதையும் கட்டாமல் விடக் கூடாது. கேஸ் சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி, வால்வை மூடிவிட்டே கிளம்ப வேண்டும்.

மாட்டும் இடத்துக்கு வருவோம். கொக்கி உருண்டையில் 50 மில்லிமீட்டரும் உண்டு, இரண்டு அங்குலமும் உண்டு. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. உருண்டையின் மேல் பொறித்திருக்கும் அளவும் டிரெய்லரின் கவ்வியில் பொறித்திருக்கும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிற நாடுகளிலிருந்து பழைய டிரெய்லரை இறக்குமதி செய்து வாங்குவோர் இதை முதலில் பார்க்க வேண்டும். மாட்டிப் பூட்டிய பிறகு, டிரெய்லரின் முன் ஜாக்கியைச் சுழற்றி மூக்கைத் தூக்கிப் பாருங்கள். பிக்கப்பின் பின்புறமும் சேர்ந்து எழுந்தால் கவ்வி உண்மையாகவே பிடித்திருக்கிறது. மூக்கு மட்டும் எழுந்தால், பாதி வழியில் கழன்றிருக்க வேண்டியது வாசலிலேயே கழன்றுவிட்டது என்று நிம்மதியாக மறுபடி மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காக மாட்ட வேண்டும். கவ்வி கழன்றால் மூக்கு தார்ச்சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகளின் மேல் விழும். டிரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் கம்பியை வண்டியின் சட்டத்தில் மாட்டுங்கள், கொக்கியில் அல்ல. கொக்கியே கழன்றுபோனால் கம்பியும் அதோடு போய்விடும்.

இந்த வட்டாரத்தில் கொக்கியை வெல்டிங் கடையில் அடித்துக்கொள்வது வழக்கம். மாட்டுக்கொட்டகைக்குக் கதவு அடிக்கிற அதே கையால், அதே கம்பியால் இழுவைக் கொக்கியும் அடிக்கப்படுகிறது. அடிப்பவர் கெட்டிக்காரராக இருக்கலாம். ஆனால் அந்த இணைப்பு எத்தனை கிலோ தாங்கும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எடை வரம்பு பொறித்து விற்கும், வண்டியின் சட்டத்தில் போல்ட்டால் பூட்டும் கொக்கியை வாங்குங்கள். நான்கு டயரின் விலையை யோசிக்காமல் கொடுப்பவர் இதில் பேரம் பேசக் கூடாது.

டிரெய்லரின் பிரேக் இரண்டு வகை. ஒன்று, பிக்கப் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் தள்ளுகிற விசையாலேயே இயங்குவது. ஐரோப்பிய கேரவன்களில் பெரும்பாலும் இதுதான். மற்றொன்று மின் பிரேக். ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், தேவைப்பட்டால் டிரெய்லரை மட்டும் தனியாகப் பிடிக்கலாம். கனமான டிரெய்லருக்கு இந்த இரண்டாவது வகையே மேல். சமதளத்தில், ஈரமில்லாத சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்தப் பெட்டியின் கைப்பிடியை முழுதாக அழுத்திப் பார்த்து அமைக்க வேண்டும்: டிரெய்லர் வண்டியைப் பின்னால் இழுப்பது தெரிய வேண்டும், சக்கரம் உறைந்து தேயக் கூடாது. சுமை மாறினால் அமைப்பும் மாறும். பிரேக்கே இல்லாத டிரெய்லரில் ஒன்றரை டன் ஏற்றுவோரும் உங்களில் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 750 கிலோவைத் தாண்டினாலே பிரேக் கட்டாயம், 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் வேண்டும். நம் பிக்கப்பின் பிரேக் அங்குள்ளதைவிட வலுவானதாக ஆகிவிடவில்லை.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. கேரவன் வருடத்தில் பெரும்பாலான நாள் வெயிலில் நின்றுகொண்டே இருப்பது. அதன் டயர் ஓடித் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிக்கும். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஐந்தாறு ஆண்டு கடந்திருந்தால் பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில், டயர் சூடாகும் முன் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டியிருந்தால் 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டும்.

ஓட்டும் முறைக்கு வந்தால், வேகம் ஒன்றே பாதி விஷயத்தைத் தீர்த்துவிடும். நெடுஞ்சாலையில் காருக்கு 110 அனுமதி என்பது டிரெய்லர் இழுப்பவருக்கான அழைப்பு அல்ல. 80இலிருந்து 110க்குப் போனால் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. இடத் தடத்தில் 80இல் போங்கள். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் ஐந்து நொடி இடைவெளி, அந்த வேகத்தில் சுமார் 110 மீட்டர். யாராவது நுழைவார்கள், நுழையட்டும். மறுபடி இடைவெளி விடுங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் பிக்கப்பின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. கால் தானாகவே அங்கே போகும், அதை அடக்குவதுதான் கடினம். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, மின் பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் பிடியுங்கள். ஆட்டத்தை எதிர்த்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதை நீங்களே வளர்க்கிறீர்கள். அடங்கியதும் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சுமையை முன்னால் மாற்றாமல் மேலே போகாதீர்கள்.

பீடோங் பட்டணத்துச் சந்திகளில் இடப்பக்கம் திரும்பும்போது இன்னொரு பொறுப்பு வருகிறது. டிரெய்லரின் சக்கரம் பிக்கப் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். இடத்தை விட்டுத் திரும்ப நீங்கள் வலப்பக்கம் சற்று ஒதுங்கும்போது, அந்த இடைவெளியில் ஒரு காப்சாய் மோட்டார் சைக்கிள் நுழைந்துவிடும். மலேசியச் சாலைகளில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நுழைகிறவர் வேலை முடிந்து வீடு திரும்பும் உங்கள் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம். டிரெய்லரின் அகலத்துக்கு ஏற்ப நீண்ட கண்ணாடிகள் மாட்டி, திரும்பத் தொடங்கிய பிறகும் இடக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டும்.

இறக்கமே கடைசித் தேர்வு. இங்கிருந்து மெர்போக், துப்பா, பந்தாய் மெர்டேக்கா போகிறவருக்குப் பெரிய இறக்கம் இல்லை. 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலைச்சாலையில் டிரெய்லரோடு ஏறும் எண்ணமே வேண்டாம். ஆனால் தூண்டிலோடு பாண்டிங் ஏரிக்குப் போகிறவர்கள் உங்களில் உண்டு. கோல கெட்டில், பாலிங், கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஏற வேண்டும். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் அந்தச் சாலை தித்திவாங்சா மலைத்தொடரைக் கடக்கிறது; ஏறுவதும் இறங்குவதும் வளைவோடு மாறி மாறி வரும், பனிமூட்டமும் யானையும் குறுக்கிடும். 2025 ஜூன் 9 அதிகாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் 15 மாணவர்கள் பஸ் விபத்தில் உயிரிழந்தது இதே சாலையில்தான். அது டிரெய்லர் விபத்து அல்ல. ஆனால் கனமான வண்டிக்கு அந்தச் சாலையில் எவ்வளவு குறைந்த இடமே இருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இறக்கத்தில் வண்டியின் எடை முழுவதும் வேகமாக மாறப் பார்க்கிறது. அதை பிரேக்கால் மட்டும் தடுத்தால் அந்த ஆற்றல் எல்லாம் வெப்பமாக மாறுகிறது. பட்டை கருகும் வாடை வரும், பிறகு பிரேக் திரவம் கொதித்து, மிதி காலுக்குக் கீழே அமுங்கிப் போய்க்கொண்டே இருக்கும், வண்டி நிற்காது. அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, இஞ்சினே வண்டியைப் பிடித்து வைத்திருக்கும்படி இறங்க வேண்டும். ஆட்டோ கியர் வண்டியிலும் கையால் மாற்றும் வசதி இருக்கிறது. அதைத் தொடாமலேயே வண்டியை விற்றவர்கள் உண்டு. ஏறிய கியரிலோ அதற்கும் கீழோ இறங்குவது பழைய லோரி ஓட்டுநர்கள் கடைப்பிடித்த கணக்கு. பிரேக்கை இலேசாக மிதித்தபடியே நீளமாக இறங்காமல், ஒரு முறை நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, மறுபடி பிடிக்க வேண்டும். பின்னால் கார்கள் வரிசையாகச் சேர்ந்தால், ஒதுங்க இடம் கிடைக்கும்போது ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

ஓடும் டிரெய்லருக்குள் ஆள் இருக்கக் கூடாது. கேரவனில் மெத்தை இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது, எழுப்ப மனமில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. இருக்கைப் பட்டை பிக்கப்பில் இருக்கிறது, மெத்தையில் இல்லை. ட்ராக்டர் டிரெய்லரில் பொம்பளைகளையும் பிள்ளைகளையும் ஏற்றிப் போன தோட்டத்துப் பழக்கம் அன்று வேறு வழியில்லாததால் வந்தது. இன்று திருவிழா நாளில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏற்றிய டிரெய்லரின் விளிம்பில் இளைஞர்கள் தொங்கிக்கொண்டு வருவதற்கு அந்தக் காரணமும் இல்லை.

இவ்வளவும் சொன்னது உங்களைப் பயமுறுத்தி வீட்டில் உட்கார வைக்க அல்ல. விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளியே போக இந்த வட்டாரத்து மக்களுக்கு வசதி வந்திருப்பது நல்ல காரியம். கேட்பது சில செயல்கள்தான். அடுத்த பள்ளி விடுமுறை வருமுன், முழுச் சுமை ஏற்றிய வண்டியை ஒரு முறை திம்பாங்கில் ஏற்றுங்கள். கையேட்டில் உள்ள மூன்று வரம்புகளையும், திம்பாங் சீட்டில் உள்ள மூன்று எடைகளையும், மூக்கு எடையையும் ஓர் அட்டையில் எழுதி ஓட்டுநர் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். வண்டியை இரவல் வாங்குகிறவரும் பார்ப்பார். டிரெய்லரின் பதிவு, ரோட் டாக்ஸ், உங்கள் லைசென்ஸ் வகுப்பு ஆகியவற்றை சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜே.பி.ஜே.) அலுவலகத்திலும், டிரெய்லர் மாட்டிய நிலையில் காப்புறுதி செல்லுமா என்பதைக் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிரேக் இல்லாத கனமான டிரெய்லர் வைத்திருப்பவர்கள் பிரேக் வைக்கும் வரை டிரெய்லரும் சுமையும் சேர்ந்து 750 கிலோவைத் தாண்ட விட வேண்டாம். வெல்டிங் கடை வைத்திருப்பவர்களே, இழுவைக் கொக்கி அடித்துத் தரக் கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த ஒரு வேலை போனால் கடை மூடிவிடாது. கோயில் நிர்வாகத்தினரே, ஊர்வலத்துக்கு டிரெய்லர் எடுக்கும்போது அதில் யாரும் ஏறக் கூடாது என்பதை அழைப்பிதழ் அச்சாகும்போதே முடிவு செய்து, அன்று அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளையும் நியமியுங்கள். முதல் முறை டிரெய்லர் இழுக்கும் தம்பிகளுக்கு, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் காலியாகக் கிடக்கும் ஒரு திடலில் பின்னோக்கி ஓட்டக் கற்றுக்கொடுங்கள்: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்து, டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்த வேண்டும், மெதுவாக, பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஒருவரை வைத்துக்கொண்டு.